இரட்டைப் பிள்ளைகளும் ஒரு சல்லடையும்

ஒரு குடுவையில் எத்திலீன், பக்கத்துக் குடுவையில் ஈத்தேன். இரண்டுக்கும் நிறம் கிடையாது. இரண்டிலும் ஆளுக்கு இரண்டு கார்பன் அணுக்கள். எத்திலீனில் நான்கு ஹைட்ரஜன், ஈத்தேனில் ஆறு. மூலக்கூறு எடை 28, 30. அவ்வளவுதான் வித்தியாசம்! ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள், ஒருவன் சட்டைப்பையில் மட்டும் இரண்டு காசு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சந்தைக்கு வந்தால் இருவருக்கும் ஒரே மரியாதை கிடையாது. எத்திலீன் பாலித்தீன் ஆகிறது, பிவிசி குழாய் ஆகிறது, பாலியெஸ்டர் துணிக்கு மூலப்பொருள் ஆகிறது. ஈத்தேனை எரிக்கலாம். இல்லையென்றால் எத்திலீன் செய்வதற்காகவே உலையில் போடலாம். இதே கதைதான் அடுத்த ஜோடிக்கும்: புரோப்பிலீன், புரோப்பேன். புரோப்பிலீனிலிருந்து வாளியும் நாற்காலியும் சிமெண்டுச் சாக்கும் வருகின்றன. புரோப்பேன் அடுப்பு எரிக்கப் போகிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த இரட்டையர்கள் பிறக்கும்போதே ஒன்றாகத்தான் பிறக்கிறார்கள். ஈத்தேனை நீராவியோடு கலந்து 800 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அது உடைந்து எத்திலீன் ஆகும். ஆனால் உள்ளே போன எல்லாமும் மாறுவதில்லை. ஒரு பகுதி ஈத்தேனாகவே வெளியே வருகிறது. பாலித்தீன் செய்கிறவரோ 99.9 சதவீதத் தூய்மைக்குக் குறைந்து எதையும் வாங்க மாட்டார். ஆகவே பிரித்தே ஆக வேண்டும். எப்படி?

கோபுரத்தின் கூலி

சாராயம் காய்ச்சுவது எப்படி என்று எல்லோருக்கும் (கேள்விப்பட்ட அளவிலாவது!) தெரியும். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். இடையில் 22 டிகிரி. அப்படியும் ஒரு முறை காய்ச்சினால் சுத்தமாகப் பிரிவதில்லை. இங்கே எத்திலீனின் கொதிநிலை மைனஸ் 104 டிகிரி, ஈத்தேனுக்கு மைனஸ் 89. வித்தியாசம் 15 டிகிரி. புரோப்பிலீன் மைனஸ் 48, புரோப்பேன் மைனஸ் 42. வித்தியாசம் ஆறு டிகிரிகூட முழுசாக இல்லை.

எனவே பெட்ரோகெமிக்கல் ஆலைகளில் கோபுரம் கட்டுகிறார்கள். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஆவி மேலே ஏற, திரவம் கீழே இறங்க, எத்திலீன் கொஞ்சம் மேலே நகர்கிறது, ஈத்தேன் கொஞ்சம் கீழே நகர்கிறது. அதிக அழுத்தம் கொடுப்பதால் மைனஸ் 100 வரை போக வேண்டியதில்லை. ஆனாலும் மைனஸ் 25 டிகிரி அளவிலாவது குளிர வைத்தாக வேண்டும். புரோப்பிலீன் கோபுரத்துக்குத் தட்டுகள் இன்னும் அதிகம். சில கோபுரங்கள் 90 மீட்டர் உயரத்தையும் தொடுகின்றன. மேலே வந்து சேர்ந்த திரவத்தில் பெரும்பங்கைத் திரும்பவும் கீழே ஊற்றுவார்கள். அப்படிச் செய்தால்தான் தூய்மை கிடைக்கும். ஒரு படி அரிசி புடைக்க, பத்துப் படியை மேலும் கீழும் தூக்கிப்போடுகிற மாதிரி.

இதற்கு ஆகும் செலவை அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஷோல், ரயன் லைவ்லி என்ற இருவர் 2016-ல் நேச்சர் இதழில் எழுதிய ஒரு கட்டுரையில் எடுத்துச் சொன்னார்கள். உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் எத்திலீனும் புரோப்பிலீனும் சேர்ந்து 20 கோடி டன்னுக்கு மேல். பூமியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தலைக்குச் சுமார் 30 கிலோ! இந்த இரண்டையும் தூய்மையாக்குவதற்கு மட்டும் உலகத்தின் மொத்த எரிசக்தியில் 0.3 சதவீதம் போகிறது. சிங்கப்பூர் என்ற முழு நாடும் ஓராண்டில் செலவழிக்கும் அளவு அது.

நன்றாகக் கவனியுங்கள். இது எத்திலீனை உருவாக்குகிற செலவு கிடையாது. ஏற்கெனவே உருவான ஒன்றை அதன் உடன்பிறப்பிடமிருந்து விலக்கி வைக்கிற செலவு. அந்தக் கூலி எல்லாருடைய வீட்டு பிளாஸ்டிக் வாளியிலும் சேர்ந்துதான் வருகிறது.

துளையை விற்கிறவர்கள்

கொதிக்க வைத்துப் பிரிப்பதை விட்டுவிட்டு, சலித்துப் பிரித்தால் என்ன? மாவுச் சல்லடை மாதிரி ஒன்று. துளையின் அளவு எத்திலீன் நுழையும்படியும் ஈத்தேன் நுழையாதபடியும் இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் இந்த இரண்டு மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள பருமன் வித்தியாசம் ஒரு ஆங்ஸ்ட்ராமில் பாதி அளவுதான். ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடியாகப் பிளந்தால் அதில் ஒரு துண்டுதான் ஒரு ஆங்ஸ்ட்ராம். அதிலும் பாதி! அத்தனை நுணுக்கமாகத் துளை போட எந்தத் தச்சனால் முடியும்?

துளை போட முடியாது. துளையோடு சேர்த்தே கட்ட வேண்டும்.

அதற்கான வழி ஆஸ்திரேலியாவில், ஒரு வகுப்பறை வேலையிலிருந்து தொடங்கியது. 1974-ல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ராப்சன் மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரிகளைக் காட்டுவதற்காக மரப்பந்துகளில் துளை போடச் சொல்லிப் பட்டறைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. துளைகளை எந்தெந்த இடத்தில் போடுவது என்று குறித்துக் கொடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. துளைகளின் இடம் சரியாக இருந்தால், குச்சிகளைச் செருகியதும் மாதிரி தானாகவே சரியான வடிவத்துக்கு வந்துவிடுகிறது! அப்படியானால் அணுக்களையும் மூலக்கூறுகளையும் இதே மாதிரி கோத்து, வேண்டிய வடிவில் கூடு கட்டலாமே? அந்த யோசனையைச் செய்து பார்க்க அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. 1989-ல் செம்பு அயனிகளையும் நான்கு கைகள் கொண்ட ஒரு கரிம மூலக்கூறையும் கோத்து, உள்ளே வெற்றிடம் நிறைந்த படிகத்தைச் செய்து காட்டினார். ஆனால் அந்தக் கூடுகள் எளிதில் குலைந்துபோகும் தன்மை உடையவை.

ஜப்பானில் சுசுமு கிடகவா 1997-ல் அடுத்த அடியை வைத்தார். அவர் கட்டிய கூட்டுக்குள் மீத்தேன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை போய் வந்தன. கூடு குலையவில்லை. உலோக அயனியும் கரிம மூலக்கூறும் மாறிமாறி நீள்வதால் இதுவும் ஒரு வகைப் பாலிமர்தான். ஆகவே நுண்துளை அணைவுப் பாலிமர் என்ற பெயர் வந்தது. ஜோர்டானில் அகதிக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்கா போன ஓமர் யாகி இதே வகைப் பொருளுக்கு உலோகக் கரிமச் சட்டகம் என்று பெயர் வைத்தார். இன்று எம்.ஓ.எஃப். என்ற சுருக்கப் பெயரே நிலைத்துவிட்டது. யாகி 1999-ல் வெளியிட்ட எம்.ஓ.எஃப்.-5 என்ற பொருளில் இரண்டு கிராம் எடுத்தால், உள்ளே இருக்கும் பரப்பு ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு வரும். 2025-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இந்த மூவருக்கும்தான் கிடைத்தது.

இதில் ஒரு விஷயத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிடகவா ஆராய்ச்சிப் பணம் கேட்டுப் போனபோது, பணம் கொடுக்கிறவர்களுக்கு இதில் பெரிய பயன் எதுவும் தெரியவில்லை. துளையுள்ள பொருள்தான் ஏற்கெனவே இருக்கிறதே, ஜியோலைட் என்று! உறுதியானது, நிரூபிக்கப்பட்டது. பிறகு இந்தப் புதுப் பொருள் எதற்கு? இந்தக் கேள்வி பின்னால் மறுபடியும் வரப்போகிறது.

இரட்டையரைப் பிரிக்க நான்கு வழிகள்

கூடு கட்டக் கற்றுக்கொண்டதும் ஆராய்ச்சியாளர்கள் இரட்டையர் பக்கம் திரும்பினார்கள்.

முதல் வழி, கைப்பிடித்து நிறுத்துவது. 2012-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜெஃப்ரி லாங் குழுவினர் சுவரெங்கும் இரும்பு அயனிகள் வெளியே தெரியும்படியான ஒரு கூட்டைப் பயன்படுத்தினார்கள். எத்திலீனில் இரட்டைப் பிணைப்பு உண்டு. அதிலுள்ள எலக்ட்ரான்களை இரும்பு பற்றிக்கொள்கிறது. ஈத்தேனிடம் பற்றிக்கொள்ள அப்படி எதுவும் இல்லை, அது நழுவிப் போய்விடுகிறது. சோதனை நடந்த வெப்பநிலை 45 டிகிரி. மைனஸ் 25 எங்கே, 45 எங்கே!

இரண்டாவது, உண்மையான சல்லடை. 2016-ல் சவூதி அரேபியாவின் காஸ்ட் பல்கலைக்கழகத்தில் முகமது எடாவுதி குழுவினர் நிக்கலும் நியோபியமும் கொண்ட ஒரு கூட்டைச் செய்தார்கள். பழைய கூட்டில் இருந்த சிலிக்கான் தூணை எடுத்துவிட்டுச் சற்றுப் பருமனான நியோபியம் தூணை வைத்ததும் வாசல் குறுகியது. புரோப்பிலீன் உள்ளே போகிறது, புரோப்பேன் வாசலிலேயே நின்றுவிடுகிறது. 2018-ல் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் பாங்லின் சென் குழுவினர் கால்சியத்தையும் ஸ்குவாரிக் அமிலத்தையும் தண்ணீரில் சேர்த்தே ஒரு சல்லடை செய்தார்கள். அதன் வாசலின் பரப்பு 14.4 சதுர ஆங்ஸ்ட்ராம். எத்திலீனின் குறுக்குப் பரப்பு 13.7, ஈத்தேனுடையது 15.5. இதைவிடக் கச்சிதமாக ஒரு வாசலை எங்கே பார்ப்பது?

மூன்றாவது வழி வேடிக்கையானது. ஜிஃப்-8 என்று ஒரு கூடு. துத்தநாகமும் இமிடசோல் வகை மூலக்கூறும் சேர்ந்தது. எக்ஸ்-ரே எடுத்து அளந்தால் அதன் வாசல் 3.4 ஆங்ஸ்ட்ராம். அந்தக் கணக்குப்படி புரோப்பிலீன்கூட நுழைய முடியாது. ஆனால் நுழைகிறது! காரணம், வாசலில் இருக்கும் மூலக்கூறுகள் கதவு மாதிரி லேசாக ஆடுகின்றன. புரோப்பிலீன் அந்த ஆட்டத்தில் புகுந்துவிடுகிறது. சற்றே பெரிய புரோப்பேன் மிக மெதுவாகத்தான் நுழைய முடிகிறது. இந்தக் கூடுகள் கல் மாதிரி விறைப்பாக இல்லாமல் வளைந்து கொடுக்கக்கூடும் என்று கிடகவா 1998-லேயே எழுதியிருந்தார். ஜியோலைட்டில் கிடைக்காத குணம் இது.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமானது. அரிசியில் கல் இருந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? கல்லைப் பொறுக்குவார்கள். அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கல்லை மிச்சம் வைப்பவர் யாராவது உண்டா? ஆனால் முதல் மூன்று வழிகளும் அதைத்தான் செய்கின்றன. அதிகமாக இருக்கும் எத்திலீனைப் பிடித்து வைக்கின்றன, பிறகு அதை விடுவிக்கத் தனியாகச் சக்தி செலவழிக்கின்றன. ஈத்தேனை மட்டும் பிடிக்கிற கூடு இருந்தால், எத்திலீன் நேரே தூய்மையாக வெளியே வந்துவிடுமே! சீனாவின் சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்தினர் 2015-ல் அப்படி ஒன்றைக் காட்டினார்கள். 2018-ல் வேறொரு குழு, பெர்க்லிக்காரர்கள் பயன்படுத்திய அதே இரும்புக் கூட்டில் இரும்பின் மேல் ஆக்சிஜனை ஏற்றி வைத்தது. குணமே தலைகீழானது! எத்திலீனைப் பிடித்த கூடு இப்போது ஈத்தேனைப் பிடித்தது. ஒரே சுற்றில் 99.99 சதவீத எத்திலீன் கிடைத்தது.

அப்படியானால் கோபுரங்கள் ஏன் இன்னும் நிற்கின்றன?

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இங்கேதான் கதை சூடு பிடிக்கும்.

முதலில் பொருளின் பக்கமே சில குறைகள் உண்டு. இரும்புக் கூடு காற்றையும் ஈரத்தையும் தாங்காது. தண்ணீர் மூலக்கூறு வந்தால் எத்திலீனுக்கான இடத்தில் அதுவே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆய்வகத்தில் சுத்தமான இரண்டு வாயுக்களைக் கலந்து சோதிக்கிறார்கள். ஆலையில் வரும் கலவையிலோ ஈரம், அசெட்டிலீன், கார்பன் மோனாக்சைடு என்று அழையா விருந்தாளிகள் ஏராளம். ஆய்வகத்தில் கிடைப்பது தூள். அதை அப்படியே பெரிய தொட்டியில் கொட்டினால் வாயு ஓடாது. உருண்டையாகப் பிடிக்க வேண்டும், பிடிக்கும்போது துளைகள் கொஞ்சம் அடைபடும். ஒரு தடவை பிரித்தால் போதாது, பல்லாயிரம் தடவை நிரப்பிக் காலி செய்தாலும் அதே மாதிரி இருக்க வேண்டும்.

இவை எல்லாம் தீரக்கூடியவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு எதிரி மிச்சம் இருக்கிறது. அது பேரேட்டில் இருக்கிறது.

ஒரு கோபுரம் பல பத்தாண்டுகள் உழைக்கும். அதற்குப் போட்ட மூலதனம் எப்போதோ போட்டாகிவிட்டது. தேய்மானமும் எழுதி முடிந்திருக்கலாம். முடிவெடுக்கும்போது மூழ்கிப்போன செலவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது வணிகவியலில் ஆரம்பப் பாடம். அந்தப் பாடத்தின்படி பழைய கோபுரத்துக்கு இனி ஓட்டுகிற செலவு மட்டும்தான். புதிதாக வருகிறவனுக்கோ மூலதனம், ஓட்டுகிற செலவு, தோற்றால் வரும் நஷ்டம் மூன்றும் சேர்ந்தது. இந்த மூன்றும் சேர்ந்து பழையவனின் அந்த ஒரு செலவைவிடக் குறைவாக இருந்தால்தான் உள்ளே இடம். இந்த ஆலைகளைப் பராமரிப்புக்காக முழுதாக நிறுத்துவதே சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். பிரிக்கும் பகுதி படுத்துவிட்டால் முன்னால் இருக்கும் உலையும் பின்னால் இருக்கும் பாலித்தீன் பிரிவும் சேர்ந்து படுத்துவிடும். எந்த மேலாளர் துணிவார்?

இன்னொன்றும் உண்டு. சில ஆலைகளில் புரோப்பிலீன் கோபுரத்தின் அடியைச் சூடாக்குவது, உலைப் பக்கத்திலிருந்து வீணாக வரும் சுடுதண்ணீர். அவர்கள் கணக்கில் அந்தச் சூடு ஏறக்குறைய இலவசம். இலவசத்தோடு எப்படிப் போட்டி போடுவது?

ஆக, “கோபுரம்தான் இருக்கிறதே, இது எதற்கு?” கிடகவா கேட்ட அதே கேள்வி, வேறு வாயிலிருந்து!

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் பேரேட்டின்படி அவர்கள் சொல்வது சரி. கோளாறு, அந்தப் பேரேட்டில் ஒரு வரி விட்டுப்போயிருப்பதில் இருக்கிறது. கோபுரத்தை ஓட்ட எரித்த எரிபொருளின் புகை வானத்துக்குப் போகிறது, அதற்குப் பில் வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் கார்பன் வெளியேற்றத்துக்கு விலை வைத்து வாங்கி விற்கும் முறையை நடத்துகிறது. அப்படி விலை வைத்த இடத்தில் மட்டும் அந்த வரி பேரேட்டில் ஏறுகிறது. விலை வைக்காத இடத்தில், ஒரு நாட்டின் அளவு எரிசக்தியைச் சாப்பிடும் ஒரு வேலை, மலிவான வேலை என்றே பெயர் வாங்கிக்கொண்டிருக்கும்.

பழைய சல்லடை சொல்லும் பாடம்

கிடகவாவுக்கு எதிராக நிறுத்தப்பட்ட ஜியோலைட்டின் சொந்தக் கதையைக் கொஞ்சம் பாருங்கள். அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனம் செயற்கை ஜியோலைட்டுகளை 1954-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதல் வேலை என்ன தெரியுமா? குளிர்சாதன வாயுவிலும் இயற்கை எரிவாயுவிலும் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுவது. சில்லறை வேலை! அதைச் செய்துதான் பெயர் வாங்கியது. 1959-ல்தான் நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களைக் கிளைச்சங்கிலியிலிருந்து சலித்துப் பிரிக்கும் பெரிய வேலை அதன் கைக்கு வந்தது.

நுண்துளைப் பாலிமர்களும் இப்போது அந்தச் சில்லறை வேலைக் கட்டத்தில்தான் இருக்கின்றன. 2016-ல் சந்தைக்கு வந்த ஒரு சரக்கு பழங்களுக்கானது. வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கும்போது வேலை செய்வது புகையில் இருக்கும் இதே எத்திலீன்தான். பழத்தின் காதில் அந்த எத்திலீனின் பேச்சு விழாதபடி தடுக்கும் வேறொரு வாயு உண்டு. அதைக் கூட்டுக்குள் அடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிட்டால் பழம் சீக்கிரம் கனியாது. அதற்கடுத்து, ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் ஆண்டுக்குப் பல நூறு டன் அளவில் எம்.ஓ.எஃப். தயாரிக்கத் தொடங்கிவிட்டதாக 2023-ல் அறிவித்தது. அது கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பதற்காக, கனடாவின் ஸ்வாண்டே நிறுவனத்துக்கு. டன் கணக்கில் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு அதோடு பதில் கிடைத்துவிட்டது.

இரட்டையரைப் பிரிக்கும் பெரிய வேலைக்கு வரும்போதும் கோபுரத்தை இடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சல்லடை பாதி வேலையை முடித்துக் கொடுக்க, கடைசித் தூய்மையைக் கோபுரம் பார்த்துக்கொள்ளலாம். புதிதாகக் கட்டும் ஆலையில் மூழ்கிப்போன செலவு என்று எதுவும் இல்லை. அங்கே இருவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடுகிறார்கள். இன்று கட்டுகிற கோபுரம் இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் நிற்கும் என்பதால், ஒவ்வொரு புது ஆலையிலும் எடுக்கிற முடிவு ஒரு தலைமுறைக்கான முடிவு.

பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் குப்பையில் போடும்போது அந்த உறையைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அதன் விலையில் எண்ணெய்க்கிணறும் உலையும் மட்டும் அடங்கவில்லை. ஈத்தேனை எத்திலீனிடமிருந்து விலக்கி வைத்த குளிரின் கூலியும் இருக்கிறது. அந்தக் கூலியைக் குறைக்கிற வாசல் 14.4 சதுர ஆங்ஸ்ட்ராம் அளவில் 2018-லேயே திறந்தாகிவிட்டது. இனி திறக்க வேண்டியது கணக்குப்பிள்ளையின் பேரேடு!